கும்பகோணம் பக்கம் ஒரு நாள் சைக்கிள்: ஹைவே படாத வழி சொல்லுங்கள்

சக்கரத்தாழ்வான்
டிசம்பர் 19, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஈ.சி.ஆரில் ஓட்டி ஓட்டிச் சலித்துப்போன ஆசாமி நான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினாலும், ஏழு மணிக்கெல்லாம் கார்கள் காதை உரசிக்கொண்டு போகின்றன. போன மாதம் ஒருவர் கண்ணாடியை இறக்கி, "உனக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். யோசித்துப் பார்த்தால் இல்லைதான்.

ஜனவரியில் பொங்கல் முடிந்ததும் மூன்று நாள் லீவு சேர்கிறது. ராத்திரி ரயிலில் கும்பகோணம் வந்து இறங்கி, ஒரு நாள் முழுக்க ஓட்டலாம் என்று ஆசை. 80, 100 கிலோமீட்டர் பிரச்சினை இல்லை. இரண்டு பக்கமும் வயல் வேண்டும், பழைய ஊர்கள் வேண்டும், கூட்டமில்லாத கோயில்கள் வேண்டும், நான்குவழிச் சாலை மட்டும் வேண்டாம். ரோடு பைக், 25 மி.மீ. டயர். வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மதகடி
டிசம்பர் 19, இரவு 10.25

வாங்க. நான் இந்த ஊர்க்காரன். தினமும் காலையில் முப்பது கிலோமீட்டர் ஓட்டுவேன், அதில் பாதி நேரம் எங்கேயாவது மதகுக் கட்டையில் உட்கார்ந்திருப்பேன்.

முதலில் அந்த 100 கிலோமீட்டர் கணக்கை மறந்துவிடுங்கள். இங்கே ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு கோயில், நடுவில் ஒரு வாய்க்கால். 60 ஓட்டினாலே பொழுது போய்விடும்.

தெற்குப் பக்கம் போங்கள். கும்பகோணம், தாராசுரம், சோழன்மாளிகை, பழையாறை, பட்டீஸ்வரம், உடையாளூர். பட்டீஸ்வரமே ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் நேர்ச்சாலையில் போகாதீர்கள். தாராசுரம் தாண்டியதும் கிளைச் சாலைகளில் நுழைந்துவிடுங்கள். வழி தப்பினால் பயமில்லை, எந்தச் சாலையும் கடைசியில் ஒரு டீக்கடையில்தான் முடியும்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பகல் 12 மணிக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். சின்னக் கோயில்களில் காலையிலேயே குருக்கள் பூசையை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார். சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். கேட்காமல் திரும்பி வந்தவர்கள்தான் "கோயில் பூட்டிக் கிடக்கிறது" என்று எழுதுகிறார்கள்.

---

ராண்டோ600
டிசம்பர் 20, காலை 6.10

மதகடி சொல்லும் வழி நல்லதுதான், ஆனால் அது சைக்கிள் ஓட்டுவது இல்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோயில் பார்ப்பது. நான் பிரவே, அதாவது நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், ஓட்டுகிற ஆள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று பழகிய கால்கள் மதகில் உட்கார்ந்தால் மரத்துப்போகும்.

உருட்டுவதற்குச் சரியான வழி காவிரியோரம் மேற்கே போவது. சுவாமிமலை, உமையாள்புரம், கபிஸ்தலம், கணபதி அக்ரஹாரம், திங்களூர், திருவையாறு. போக வர எழுபது எண்பது வரும். பஸ் ஓடும் சாலை என்றாலும், விடியற்காலையில் நிழலும் ஆற்றுக்காற்றுமாகச் சுகமாக இருக்கும்.

டெல்டாவில் மேடே கிடையாது, காற்றுதான் மேடு. ஆடியில் வந்தால் மேற்கிலிருந்து அடிக்கிற கோடைக்காற்று உங்களை நிறுத்தியே வைத்துவிடும். மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடை. மேற்கே போகும்போது முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். பத்து மணிக்குமேல் இன்னும் ஏறும். அதனால் விடியும்போதே கிளம்பி, முழுக்க வலுப்பதற்குள் திரும்பிவிடுங்கள்.

25 டயர் வேண்டாம். உங்கள் ஃபிரேமில் 28 நுழையும் என்றால் போடுங்கள், 32 நுழைந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். கேஜ் வீல் (சேற்று உழவுக்கான இரும்புச் சக்கரம்) மாட்டிய டிராக்டர்கள் ஏறி இறங்கிய கிராமச் சாலையில் தார் எல்லாம் பல் கடித்த மாதிரி இருக்கும்.

---

கல்வெட்டுக்கோமாளி
டிசம்பர் 20, காலை 11.30

வேகமாகப் போகிறவர்கள் போகட்டும். பழையாறை பக்கம் போகிறவர் ஊர்ப்பலகைகளையாவது படித்துக்கொண்டு போக வேண்டும். ஆரியப்படையூர், பம்பைப்படையூர், புதுப்படையூர், மணப்படையூர். நாலும் பழையாறையைச் சுற்றி இருந்த சோழர் படைவீடுகள். இன்றைக்கு அந்தப் பெயர்கள் மினி பஸ் பலகையில் ஓடுகின்றன. சோழன்மாளிகை என்று ஒரு ஊரே இருக்கிறது, மாளிகைதான் இல்லை. செங்கல்லும் மரமுமாகக் கட்டினது, போய்விட்டது. கருங்கல்லில் கட்டினது கடவுளுக்கு மட்டும்.

பட்டீஸ்வரத்தை ஒட்டி ராமநாதன்கோயில் என்ற இடத்தில் பஞ்சவன்மாதேவீச்சரம் இருக்கிறது. தவறவிடாதீர்கள். முதலாம் ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எழுப்பின கோயில். கங்கைகொண்ட சோழபுரத்தில் அவ்வளவு பெரிய விமானத்தை எழுப்பினவன், தன்னைப் பெறாத ஒருத்திக்காக எடுத்தது இந்தச் சின்னக் கோயில். போகிற கூட்டமெல்லாம் பட்டீஸ்வரம் துர்க்கையோடு திரும்பிவிடும், இங்கே பெரும்பாலும் நீங்களும் வௌவாலும்தான்.

உடையாளூரில் ராஜராஜன் சமாதி என்று ஒரு லிங்கத்தைக் காட்டுவார்கள். அது அவன் சமாதிதான் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. பால்குளத்து அம்மன் கோயிலில் ஒரு தூண் கல்வெட்டு, சிவபாதசேகரன் (ராஜராஜனின் பட்டப்பெயர்) பெயரால் இருந்த ஒரு திருமாளிகையைப் புதுப்பித்த செய்தியைச் சொல்கிறது. மீதியெல்லாம் அதன்மேல் கட்டினது. இதை அங்கே டீக்கடையில் சொல்லிவிடாதீர்கள், டீ கிடைக்காது.

பட்டீஸ்வரத்தில் வெயிலில் நடந்து வந்த ஞானசம்பந்தருக்குச் சிவன் முத்துப்பந்தல் அனுப்பினார் என்பது தலபுராணம். நமக்கு யாரும் அனுப்பமாட்டார்கள். தொப்பி எடுத்து வாருங்கள்.

---

இலைச்சுருட்டுப்புழு
டிசம்பர் 20, இரவு 8.15

நான் சைக்கிள்காரன் இல்லை, பாபநாசம் பக்கத்து விவசாயி. தங்கச்சி மகன் இந்த இழையை அனுப்பினான். ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

பொங்கலுக்கு முன்பு வந்தால் நீங்கள் பார்ப்பது வேறு, பின்பு வந்தால் வேறு. முன்பு என்றால் சம்பா கதிர் சாய்ந்து மஞ்சள் ஏறிக்கொண்டிருக்கும், பனி விழும், சாலை காலி. பொங்கல் கழிந்த மறுநாளிலிருந்து அறுவடை சூடு பிடித்துவிடும். பெல்ட் வண்டி (அறுவடை மெஷின்), டிராக்டர், நெல் ஏற்றிய டிப்பர் எல்லாம் உங்கள் அமைதியான கிராமச் சாலையில்தான் ஓடும். அந்தச் சாலையிலேயே பாதி அகலத்துக்கு நெல் காயும். தம்பி, தயவுசெய்து அதன்மேல் சைக்கிளை விடாதீர்கள்.

---

ராண்டோ600
டிசம்பர் 20, இரவு 9.05

இதைத்தான் நான் எழுத நினைத்தேன், வம்பு வேண்டாம் என்று விட்டேன். இப்போது எழுதுகிறேன். சாலை எல்லோருக்கும் பொது. இரண்டு வருடத்துக்கு முன் தை மாதம், விடியும் முன் ஒரு வளைவில் திரும்பினேன். தார்ப்பாய் போட்டு மூடிய நெல் குவியல், அதைச் சுற்றிக் கருங்கல். விளக்கு வெளிச்சத்தில் கல் தெரிந்தபோது நான் அதன்மேல் இருந்தேன். காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு திரிந்தேன். நெல்மேல் விடாதே என்கிறீர்கள், சரி. சாலையில் கல்லை வைக்காதே என்று யார் சொல்வது?

---

இலைச்சுருட்டுப்புழு
டிசம்பர் 20, இரவு 10.50

நீங்கள் கேட்டது நியாயம். கல் வைப்பது தப்புதான். எங்கள் ஊரில் இருட்டில் டூவீலர்காரர்களே விழுந்திருக்கிறார்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

ஆனால் ஏன் சாலைக்கு வருகிறோம் என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் கதிரரிவாளால் அறுத்து அரியாகப் போட்டால், வயலிலேயே கிடந்து காய்ந்துவிடும். அப்புறம்தான் கட்டுக் கட்டிக் களத்துக்குப் போகும். இப்போது ஆள் கிடையாது, மெஷின்தான். மெஷின் நின்ற பயிரை அப்படியே அறுத்து, பச்சையாக நெல்லைக் கொட்டிவிட்டு அரை மணி நேரத்தில் அடுத்த வயலுக்குப் போய்விடும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குமேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். மழை பெய்த வருடங்களில் 22 வரை தளர்த்துவார்கள், அதற்கும் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் சிமெண்டுக் களத்தில் முன்னால் வந்தவன் கொட்டியிருப்பான். ஊரில் ஈரமில்லாமல், சூடாக, சமமாக இருக்கும் ஒரே இடம் தார்ச்சாலை.

காலை எட்டு மணிக்குப் பனி உலர்ந்ததும் பரப்புவோம். மணிக்கு ஒரு தரம், பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான், வெறுங்காலால் நெல்லுக்குள் துழாவிக்கொண்டே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பார்கள். கால் போன தடம் வரி வரியாக விழும், அடியில் இருக்கும் ஈரநெல் மேலே வரும். நாலு மணிக்குக் கூட்டிக் குவித்து, பனி படாமல் மூடுவோம். நீங்கள் மோதியது அந்தக் குவியல். காரும் பஸ்ஸும் ஏறிப் போனால் நெல் அரிசியாக உடைகிறது. சைக்கிளால் அவ்வளவு சேதம் இல்லைதான். ஆனாலும் மூன்று நாளாகக் கிண்டிக்கொண்டிருப்பவளுக்கு ஒருவர் அதன்மேல் விட்டுப் போனால் எப்படி இருக்கும்?

---

ராண்டோ600
டிசம்பர் 21, காலை 5.50

17 சதவீதம் எல்லாம் எனக்குத் தெரியாது. அரியாகக் கிடந்து காய்ந்ததும், மெஷின் வந்ததால் சாலைக்கு வந்ததும் யோசித்துப் பார்க்காத விஷயம். கல்லில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். அறுவடை மாதங்களில் இருட்டில் கிராமச் சாலையில் ஓட்டாதீர்கள் என்று இனி எல்லோருக்கும் சொல்லப்போகிறேன்.

---

அரசலாற்றுச்செல்வி
டிசம்பர் 21, மதியம் 1.20

ஆண்கள் யாரும் எழுதாத சில விஷயங்கள். நான் இந்தப் பக்கம் தனியாகவே மூன்று முறை ஓட்டியிருக்கிறேன்.

கழிப்பறை: கும்பகோணத்தை விட்டால், பெரிய கோயில்கள் இருக்கும் ஊர்களில்தான் கட்டணக் கழிப்பறை கிடைக்கும். அதை வைத்தே வழியைப் பிரித்துக்கொள்ளுங்கள். உடை: லைக்ரா கால்சட்டையோடு கோயிலுக்குள் போனால் யாராவது ஒரு பாட்டி நிச்சயம் கூப்பிட்டு நிறுத்துவார். நான் ஒரு பருத்திச் சுற்றுப்பாவாடையைச் சுருட்டிப் பையில் வைத்திருப்பேன். ஆண்களுக்கு நாலு முழ வேட்டி போதும், துண்டாகவும் ஆகும். நாய்: துரத்தினால் மிதிக்காதீர்கள், இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நின்றுவிடுங்கள். அதற்கே சப்பென்று ஆகிவிடும்.

"தனியாவா வந்தே? வீட்டுல விட்டாங்களா?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். முதல் முறை எரிச்சலாக இருந்தது. மூன்றாம் முறை, கேட்ட அம்மா தானும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று வாங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். வளைந்த கைப்பிடியைப் பார்த்து, "ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி இருக்கே" என்றார்.

வியாழக்கிழமை ஆலங்குடிச் சாலைப் பக்கம் போகாதீர்கள். குரு தரிசனத்துக்கு வரும் வேன்கள் உங்களைப் பார்க்கமாட்டார்கள்.

---

பழையஹெர்குலிஸ்
டிசம்பர் 21, இரவு 7.00

எனக்கு 67 வயது. இருபத்தெட்டு, முப்பத்திரண்டு என்று பேசிக்கொள்கிறீர்கள். நான் கேரியரில் ஒரு மூட்டை நெல், முன்பாரில் தம்பியை வைத்துக்கொண்டு மில்லுக்குப் போனவன். டைனமோ விளக்கு, மிதித்தால் எரியும், நின்றால் அணையும்.

உபயோகமாக ஒன்று சொல்கிறேன். சீமைக்கருவேல முள்ளுக்கு உங்கள் விலை உயர்ந்த டயரும் ஒன்றுதான், எங்கள் டயரும் ஒன்றுதான். வேலி வெட்டிச் சாலையோரம் போட்டிருப்பார்கள், ஓரம் கட்டாதீர்கள். ஊருக்குள் பஞ்சர் கடை இருக்கும், ஆனால் அந்த மெல்லிய வால்வுக்குக் காற்றடிக்க அவரிடம் எதுவும் இருக்காது. எங்கள் வண்டிக்கு வால்டியூப் என்றால் உடனே கிடைக்கும். உங்கள் வால்வுக்கு ஒரு பித்தளை மூடி விற்கிறார்களாமே, அதை வாங்கி வையுங்கள். ரெண்டு டியூப் எடுத்து வாருங்கள்.

---

சக்கரத்தாழ்வான்
டிசம்பர் 22, இரவு 10.10

அடேயப்பா. ஒரு வழி கேட்டேன், ஒரு நாடே வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி. லீவை மாற்ற முடியாது, அதனால் பொங்கலுக்குப் பிறகுதான். 28 டயர் வாங்கிவிட்டேன். விடிந்த பிறகுதான் கிளம்புவேன். காலையில் திருவையாற்றுச் சாலையில் திங்களூர் வரை, பிற்பகல் தெற்குப் பக்கம். ராண்டோவுக்கும் மதகடிக்கும் பாதிப் பாதி.

---

கல்வெட்டுக்கோமாளி
டிசம்பர் 23, காலை 9.00

திங்களூரில் குப்பியில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அப்பூதி அடிகள் தாம் பார்த்தே இராத திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்த ஊர் அது. வழிப்போக்கனுக்குத் தண்ணீர் கொடுத்ததற்காக ஒருவர் நாயன்மார் ஆனார் என்றால், அது இந்த வெயிலுக்குத்தான்.

---

சக்கரத்தாழ்வான்
ஜனவரி 21, இரவு 8.30

போய் வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் சைக்கிளை ஏற்றுவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. பார்சல் ஆபீசில் ஒருவர் பெட்டியில் போடச் சொன்னார், இன்னொருவர் சாக்குப் போதும் என்றார். கடைசியில் சாக்குதான் ஜெயித்தது.

ஆறரைக்குக் கிளம்பினேன். சுவாமிமலை தாண்டியதும் பனி. மூக்குக்கண்ணாடியில் நீர் கோத்து, கழற்றிப் பையில் போட்டேன். இடதுபக்கம் வாழை, வலதுபக்கம் ஆறு என்று நினைத்துக்கொண்டே போனது, பனி விலகினபோது இரண்டு பக்கமும் வாழையாக இருந்தது. வாடை முதுகைத் தள்ளியது உண்மை. திங்களூரில் தண்ணீர் நிரப்பினேன், கோயில் வாசலில் இருந்த குழாயில். திரும்பும்போது அதே காற்று என்னைப் பதினாறு கிலோமீட்டர் வேகத்துக்கு இறக்கியது. ராண்டோ, பாதி வழியில் உங்களைத் திட்டினேன்.

அறுத்த வயல்களில் வாத்துகள். ஐந்நூறாவது இருக்கும். ஒரே ஒரு ஆள் நீளமான குச்சியோடு நிற்கிறார், மொத்தமும் ஒரே துணியை விரித்த மாதிரி திரும்புகிறது.

பிற்பகல் தெற்கே. தாராசுரத்தில் யானைக்கும் காளைக்கும் ஒரே தலை வைத்த சிற்பத்தைப் பார்த்துவிட்டுப் படையூர்களுக்குள் நுழைந்தேன். மதகடி சொன்ன மாதிரியே வழி தப்பினேன். டீக்கடை வந்தது. பஞ்சவன்மாதேவீச்சரம் பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் கேட்டேன். ஒரு பையன் ஓடிப்போய்ச் சாவியோடு குருக்களையே கூட்டி வந்தான். அவர் பாதி சவரத்தில் இருந்தார், ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. விளக்கேற்றிக் காட்டிவிட்டு, மீதியை முடிக்கப் போய்விட்டார். நான் உள்ளே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வௌவால்கள் இருந்தன.

உடையாளூர் போகும் வழியில்தான் நெல். சாலையின் பாதிக்கு, நூறு அடி நீளம். எதிரே டிராக்டர் வந்தது, ஒதுங்க இடமில்லை. இறங்கினேன். நெல்லுக்குள் நடந்துகொண்டிருந்த அம்மா, "வா வா, செருப்பைக் கழட்டிட்டு இதுல வந்து நில்லு" என்றார். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நெல்லில் நின்றேன். மேலே சுடுகிறது, விரல் புதைந்த இடத்தில் சில்லென்று இருக்கிறது. அந்தச் சில்லிப்புதான் போகணும், இன்னும் ரெண்டு நாள் ஆகும் என்றார். டிராக்டர் போன பிறகும் சும்மா நிற்காமல் நானும் ஒரு முனை வரை துழாவிக்கொண்டு நடந்தேன். என் வரி கோணலாக இருந்தது. அவர் பின்னாலேயே வந்து மறுபடி நேராகப் போட்டார்.

மொத்தம் 87 கிலோமீட்டர். ஒரு பஞ்சர், முள்தான். பித்தளை மூடி காப்பாற்றியது, தாத்தாவுக்கு நன்றி.

---

ராண்டோ600
ஜனவரி 21, இரவு 8.55

87க்கு எவ்வளவு நேரம்?

---

சக்கரத்தாழ்வான்
ஜனவரி 21, இரவு 9.00

பதினொரு மணி நேரம். நீங்கள் இருந்திருந்தால் தகுதி நீக்கம்.

இன்னொன்று, விவசாயி அண்ணனுக்கு. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழுவும்போது கிளீட் (பெடலில் மாட்ட ஷூவின் அடியில் இருக்கும் கொக்கி) இடுக்கில் நாலு நெல் இருந்தது. குட்டையாக, உருண்டையாக இருக்கிறது. படம் போட்டிருக்கிறேன். என்ன ரகம்?

---

இலைச்சுருட்டுப்புழு
ஜனவரி 22, காலை 5.15

கட்டை ரகம் மாதிரி தெரிகிறது. சி.ஆர். 1009 ஆக இருக்கும், பொன்மணி என்போம். 155, 160 நாள் பயிர். ஆவணியில் நட்டிருப்பார்கள். தொட்டியில் போட்டுப் பாருங்கள் தம்பி, முளைக்கும். தண்ணீர் மட்டும் வற்ற விடாதீர்கள்.